கோடையும் தும்மலும், கூடவே கொஞ்சம் சினிமாவும்

(தில்லிக் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் மருத்துவ அன்பர் ஒருவர் ஆற்றிய உரை. அங்கத்தினர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே பிரசுரமாகிறது.)

கிளைத் தலைவர் அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், ஸஹஸ்ரநாம பாராயணம் முடித்துச் சற்றே களைப்புடன் அமர்ந்திருக்கும் மாமிகளுக்கும், காபி எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாமாக்களுக்கும் என் நமஸ்காரம்.

"கோடைக்கு ஏற்ற மாதிரி ஏதாவது பேசுங்கள் டாக்டர், ரொம்ப பயமுறுத்த வேண்டாம்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அதனால் தும்மலைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. கடைசியில் ஒரே ஒரு கஷ்டமான விஷயமும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு மட்டும் செயலாளர் என்னை மன்னிக்க வேண்டும்.

தில்லியில் பல வருஷம் இருந்தவர்களுக்குத் தெரியும். காரடையான் நோன்பு அடை தட்டில் இருக்கும்போதே வீட்டில் யாராவது ஒருவர் தும்ம ஆரம்பிப்பார். ஹோலி முடிந்தால் இருவர். தமிழ் வருஷப் பிறப்புக்கு மாங்காய்ப் பச்சடி செய்யும்போது குடும்பமே மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும். "சீதோஷ்ணம் மாறறதோல்லியோ, அதான் ஜலதோஷம்" என்போம். ஜலதோஷம் ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். மாதக் கணக்கில் நீடித்து, கண் அரித்து, மூக்கு நீராக ஒழுகி, ஜுரமே இல்லாமல், ஒவ்வொரு வருஷமும் அதே பங்குனியில் தேதி தவறாமல் வந்தால் அது ஜலதோஷம் இல்லை, ஒவ்வாமை. அதாவது அலர்ஜி.

இந்த வார்த்தையை 1906-இல் உருவாக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த மருத்துவர் பிர்க்கே. அதற்கும் முன்பே, 1819-இல், லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக் ஒவ்வொரு கோடையிலும் தனக்கே வந்த தும்மலையும் கண்ணீரையும் விவரித்து எழுதினார். அதற்கு மகரந்தம்தான் காரணம் என்று 1873-இல் நிரூபித்தவர் சார்லஸ் பிளாக்லி. அவரும் அதே அவஸ்தைக்காரர்தான். தும்மியவர்களே ஆராய்ச்சி செய்ததால்தான் இந்தத் துறை வளர்ந்தது போலிருக்கிறது!

நம் உடம்பில் ஒரு காவல்காரன் இருக்கிறான். கிருமி வந்தால் விரட்ட வேண்டியது அவன் வேலை. சிலர் உடம்பில் அவன் கொஞ்சம் அதிகப் பிரசங்கி. ஒன்றும் செய்யாத மகரந்தத் துகளையும் திருடன் என்று நினைத்துக் கூச்சல் போடுகிறான். அந்தக் கூச்சலில் ஹிஸ்டமின் என்ற பொருள் வெளிப்படுகிறது. தும்மல், அரிப்பு, வீக்கம் எல்லாவற்றிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

பலரும் செய்யும் ஒரு தவறு, அழகான பூவின் மீது பழி போடுவது. இங்கே அமல்தாஸ் என்று சொல்கிற சரக்கொன்றை மே மாதத்தில் தெருவெல்லாம் மஞ்சளாகப் பூக்கிறது. பாவம், அது நிரபராதி. கண்ணைப் பறிக்கும் பூக்கள் பெரும்பாலும் வண்டுகளையும் தேனீக்களையும் நம்பியிருப்பவை. அவற்றின் மகரந்தம் கனமானது, காற்றில் அதிகம் பறக்காது. காற்றையே நம்பி லேசான மகரந்தத்தை ஏராளமாகத் தூவுகிற, யாரும் திரும்பிப் பார்க்காத பூக்கள்தான் ஆசாமிகள். தில்லியில் முக்கியமானது, ஹிந்தியில் சில்பில் என்றும் பாப்ரி என்றும் சொல்லப்படுகிற மரம். நம் பக்கத்தில் ஆயா மரம் என்பார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அதன் காலம். ரிட்ஜ் காடு முழுவதும் பரவியிருக்கும் விலாயதி கீக்கர், அதாவது நம்மூர் சீமைக் கருவேலம், இன்னொன்று. தில்லியின் மகரந்தங்களைப் பற்றி இங்குள்ள வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையம் பல காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறது. கோடைக்கு முன் ஒரு தடவை, மழைக்காலம் முடிந்து ஒரு தடவை என்று மகரந்தம் இங்கே வருஷத்தில் இரண்டு முறை உச்சத்துக்குப் போகிறது.

மற்ற ஊர் அங்கத்தினர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெங்களூர், புனே அன்பர்களுக்குப் பார்த்தீனியம் என்ற களை தெரிந்திருக்கும். 1950-களில் புனேயில் கண்டறியப்பட்டு, பிறகு தேசமெங்கும் பரவியது. மூக்கு மட்டுமல்ல, தோலும் அரித்துத் தடித்துவிடும். காலி மனையில் அதை வெறுங்கையால் பிடுங்க வேண்டாம். சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் வருஷம் முழுவதும் தொல்லை தருபவை மெத்தை, தலையணைகளில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகளும் சுவர்ப் பூஞ்சையும்தான். கல்யாணச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தையை முப்பது வருஷமாக மாற்றாமல் வைத்திருக்கும் வீடுகளை நான் அறிவேன். அதில் நம்மைவிட அதிகக் குடும்பங்கள் வாசம் செய்கின்றன!

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

வறண்ட காற்று வீசும் நாட்களில் காலையிலிருந்து மத்தியானம் வரை ஜன்னலைச் சாத்தி வையுங்கள். நடைப்பயிற்சிக்கு மழை பெய்து ஓய்ந்த நேரம் உத்தமம். ஆனால் ஆந்தி என்னும் புழுதிப் புயலும் இடியும் வரும்போது வெளியே நிற்க வேண்டாம். 2016 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் இடிமழையோடு மகரந்தத் துகள்கள் வெடித்துச் சிதறி, ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு மூச்சுத் திணறல் வந்தது. பத்து பேர் இறந்தார்கள்.

மடித்துணியை மாடியில் உலர்த்துகிறோம். ஈரத்துணி மகரந்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் வீட்டுக்குள் கொடியில் உலர்த்தினால் மடிக்கு ஒரு குறைவும் வராது. வெளியே போய் வந்தவுடன் முகம், கை, கால் கழுவிக்கொள்வது நம் பெரியவர்கள் வைத்த பழக்கம்தான். தலையணை உறைகளை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் தோய்க்கவும். கூலரில் தண்ணீரை வாரந்தோறும் மாற்றி, பூஞ்சை பிடித்த பழைய தட்டிகளைத் தூக்கி எறியவும். ஏர்கண்டிஷனர் வடிகட்டியைப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை கழுவவும். கண் அரித்தால் கசக்காதீர்கள், குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை மூடிய கண்மேல் வையுங்கள். மூக்கை உப்புத் தண்ணீரில் அலசும் ஜலநேதி நல்ல பழக்கம். ஆனால் கொதித்து ஆறிய தண்ணீராக இருக்க வேண்டும்.

மருந்துக்கு வருகிறேன். ஹிஸ்டமினை அடக்கும் மருந்துகளுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவரான டேனியல் போவே 1957-இல் நோபல் பரிசு பெற்றார். இவற்றில் பழைய ரகம், குளோர்பெனிரமின் போன்றவை, தூக்கத்தைக் கொண்டுவரும். எழுபது தாண்டியவர்களுக்குக் குழப்பத்தை உண்டாக்கலாம். ப்ராஸ்டேட் தொந்தரவு உள்ள மாமாக்களுக்குச் சிறுநீரே நின்றுபோகலாம். கடையில் கிடைக்கும் ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் இது இருக்கிறது. ஆகவே தானாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். பெக்சோபெனடின், லொராடடின் போன்ற பிந்தைய ரகங்களில் அந்தத் தொல்லை மிகவும் குறைவு. மூக்கடைப்பு உடனே திறக்கும் சொட்டு மருந்து நாலைந்து நாளைக்கு மேல் கூடாது. போட்டுக்கொண்டே போனால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே வேறு. அது தினமும் போட்டு, ஒன்றிரண்டு வாரம் பொறுத்தால்தான் முழுப் பலன் தரும். இரண்டு நாள் அடித்துவிட்டு "பிரயோஜனமில்லை" என்று நிறுத்துபவர்களே அதிகம்.

ஹோமப் புகையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். புகை என்பது அலர்ஜி அல்ல, எரிச்சல். ஆனால் ஏற்கெனவே புண்பட்ட மூச்சுக்குழாய்க்கு இரண்டும் ஒன்றுதான். ஹோமம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், சொல்ல எனக்கு யோக்யதையும் இல்லை. ஜன்னல்களைத் திறந்து வைத்து, நன்றாகக் காய்ந்த ஸமித்தாகப் பார்த்து, மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களைத் தள்ளி உட்கார வைத்தால் போதும். தினந்தோறும் அந்தப் புகையில் உட்காரும் சாஸ்திரிகளின் நுரையீரலையும் நாம் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

சரி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு மத்தியானம் வரை வீட்டுக்குள் என்ன செய்வது? இங்கேதான் சினிமா வருகிறது.

விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. 2001-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஜப்பானிய மருத்துவர் ஹஜிமே கிமாத்தா ஒரு சிறு ஆராய்ச்சியை வெளியிட்டார். தூசிப்பூச்சி அலர்ஜியும் தோல் அழற்சியும் உள்ள 26 பேருக்குத் தோலில் பரிசோதனை செய்து தடிப்பை அளந்தார். பிறகு சார்லி சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' படத்தைப் போட்டுக் காட்டி மறுபடியும் அளந்தார். தடிப்பு குறைந்திருந்தது. அதே ஆட்களுக்கு வானிலைத் தகவல் படத்தைக் காட்டியபோது அப்படிக் குறையவில்லை. 26 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. இதை வைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிட்டுப் படம் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். ஆனால் மனம் இறுகியிருந்தால் அலர்ஜி அதிகமாகத் தெரிகிறது, மனம் தளர்ந்தால் தாங்க முடிகிறது என்பதை முப்பது வருஷத்துக்கு மேல் நோயாளிகளைப் பார்த்தவன் என்ற முறையில் நானும் சொல்வேன்.

என் மருந்துச் சீட்டு இது. வெயில் கொளுத்தும் நாளில் குளிர்ப் பிரதேசத்துப் படம். 1961-இல் வந்த ஸ்ரீதரின் 'தேன் நிலவு' காஷ்மீரில் எடுத்தது. 1966-இல் வந்த 'அன்பே வா'வில் கதாநாயகன் ஓய்வெடுக்கத்தான் சிம்லாவுக்கே போகிறான். போன இடத்தில் ஓய்வு கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். கண் சிவந்து எரிகிற நாளில் சோகப் படம் பார்க்கலாம். சிவாஜியால் அழுகிறீர்களா, சில்பிலால் அழுகிறீர்களா என்று யாரும் கேட்கமாட்டார்கள். மற்ற நாட்களில் 1964-இன் 'காதலிக்க நேரமில்லை'. பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் கட்டத்தை எத்தனை தடவை பார்த்தாலும் புதுசுதான். வீட்டு நாட்டுப்பெண் ஹிந்திக்காரியாக இருந்தால், ஹ்ருஷிகேஷ் முகர்ஜியின் 'கோல்மால்' படத்தை ஒரு நாளும், அதைத் தழுவி 1981-இல் பாலசந்தர் எடுத்த 'தில்லு முல்லு'வை மறுநாளும் போடுங்கள். மாமியாரும் மாட்டுப்பெண்ணும் எது உசத்தி என்று சண்டை போட ஒரு நல்ல விஷயம் கிடைக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு பலமான சிரிப்பே இருமலையும் இழுப்பையும் கிளப்பிவிடும். சிரிக்காதீர்கள் என்று அர்த்தமில்லை. சிரித்தால் இழுக்கிறது என்றால் ஆஸ்துமா இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்று அர்த்தம். டாக்டரிடம் போக வேண்டும்.

இப்போது அந்தக் கஷ்டமான விஷயம்.

1996-ஆம் வருஷம், ஏப்ரல் மாதம். எங்கள் காலனியில் ஒரு குடும்பம். பெண்ணுக்கு 23 வயது, நல்ல வேலை. சிறு வயதிலிருந்து பங்குனியில் தும்மல், அது போகப்போக ஆஸ்துமாவாகியிருந்தது. மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரண்டு முனைகள். மேலே கவனிக்காமல் விட்டால் பல பேருக்குக் கீழே இறங்கும். இன்ஹேலரை ஒழுங்காக எடுத்துக்கொண்டு அவள் நன்றாகவே இருந்தாள்.

ஒரு நாள் அவள் அப்பா என்னிடம் வந்தார். "டாக்டர், ஜாதகம் நன்னாப் பொருந்தியிருக்கு. ஞாயித்துக்கிழமை பொண் பாக்க வரா. இந்த ஆஸ்துமா சமாசாரத்தை இப்பவே சொல்லணுமா?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "சொல்லுங்கோ ஸார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "இப்போ எதுக்கு? நிச்சயம் ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." டாக்டரே சொல்லிவிட்டார். அதற்கு மேல் அந்த வீட்டில் யார் பேசுவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை வீடு முழுவதும் சாம்பிராணி. இன்ஹேலர் பிள்ளை வீட்டார் கண்ணில் படக்கூடாது என்று அம்மா அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அதற்கு முன்னாலேயே ஒரு வாரமாக, "யாராவது பாத்துடுவா" என்று தினசரி மருந்தையும் நிறுத்தியிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வந்தவர்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நமஸ்காரம் பண்ணி, பாட்டுப் பாட உட்கார்ந்து, முதல் வரி முடியாமல் உள்ளே போய்விட்டாள். வெட்கம் என்று நினைத்தார்கள். என்னைக் கூப்பிட ஆள் வந்தபோது ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல அவளுக்கு மூச்சில்லை. உதடு நீலம் பூத்திருந்தது. "மாமா" என்று மட்டும் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில்தான் கொண்டுபோனோம். அந்த இருபது நிமிஷத்தை நான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

பகவத் கிருபையால் பிழைத்தாள். நாலு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். அவள் அப்பா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

இரண்டு வாரம் வெளியே போகக்கூடாது என்று சொல்லியிருந்தேன். தாத்தாவும் பேத்தியும் வாடகைக்கு எடுத்த காஸெட்டுகளாகப் பார்த்துத் தள்ளினார்கள். ஒரு சாயங்காலம் நான் போனபோது 'மைக்கேல் மதன காமராஜன்' ஓடிக்கொண்டிருந்தது. பாலக்காட்டு சமையல்காரர் காமேஸ்வரன், சாம்பாரில் மீன் விழுந்த கட்டம். தாத்தா கண்ணில் ஜலம் வரச் சிரிக்கிறார். பெண்ணும் சிரித்து, இருமி, பக்கத்திலிருந்த இன்ஹேலரை எடுத்து, நாங்கள் எல்லோரும் பார்க்கவே ஒழுங்காக உறிஞ்சி, பத்து எண்ணி மூச்சை விட்டு, "தாத்தா, கொஞ்சம் பின்னாடி தள்ளி மறுபடி போடுங்கோ" என்றாள். அம்மா அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இன்ஹேலரை எடுத்து உள்ளே வைக்கவில்லை. அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்கு உடம்பு தேறியது என்று நான் நினைக்கிறேன்.

அந்த வரன் நடக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. முதல் கடிதத்திலேயே விஷயத்தை எழுதிவிட்டார் அவள் அப்பா. "எங்காத்திலும் ஒருத்தருக்கு உண்டு, அதனால் என்ன?" என்று பதில் வந்தது.

இன்ஹேலரைப் பற்றி நம்மிடையே ஒரு பயம் இருக்கிறது: பழகிவிடும், அது கடைசிக் கட்டத்துக்கு உள்ளது, மாத்திரைதான் ஸாது என்று. கணக்கைப் பாருங்கள். ஸால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒரு தடவை உறிஞ்சினால் 100 மைக்ரோகிராம்தான். மாத்திரையில் இருப்பது அதைவிட 20 முதல் 40 மடங்கு. எது ஸாது? இன்னொன்று, மூச்சுக்குழாயைத் திறக்கும் மருந்தை மட்டும் நம்பியிருப்பது இப்போது சரியான சிகிச்சையாகக் கருதப்படுவதில்லை. 2019 முதல் சர்வதேச வழிகாட்டுதலே அதுதான். உள் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தும் இன்ஹேலர் வழியாகவே கூட இருக்க வேண்டும். உறிஞ்சிய பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று தானாக நிறுத்தக் கூடாது. நன்றாக இருப்பதே அதனால்தான்.

ஹைதராபாத்தில் மிருகசீரிஷ கார்த்தி சமயத்தில் மீன் பிரசாதத்துக்குப் பெரிய கூட்டம் கூடும். சைவர்களுக்கு வெல்லத்தில் வைத்தும் தருவார்கள். நம் அன்பர்களும் சிலர் போய் வந்திருக்கிறார்கள். நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. அதற்கு மருத்துவ நிரூபணம் இல்லை. போகும்போது இன்ஹேலரையும் பையில் வைத்துக்கொண்டு போங்கள் என்பதுதான் என் பிரார்த்தனை.

நம் சங்கப் பத்திரிகையில் வரன் பக்கங்களைத்தான் எல்லோரும் முதலில் புரட்டுகிறோம். நக்ஷத்ரம், கோத்ரம், உயரம், சம்பளம் எல்லாம் இருக்கிறது. பெண்ணுக்கோ பிள்ளைக்கோ ஆஸ்துமா இருந்தால் மறைக்காதீர்கள். எதிர்ப்பக்கம் சொன்னால் அதையே காரணமாக வைத்து விலகாதீர்கள். "ஆஸ்துமா இருக்கிறதா?" என்று கேட்பதைவிட, "மருந்து ஒழுங்காக எடுத்துக்கொள்கிறாளா?" என்று கேளுங்கள். ஒழுங்காக எடுத்துக்கொள்கிறவர்கள் வேலைக்குப் போகிறார்கள், பாடுகிறார்கள், மலையேறுகிறார்கள், பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். மறைத்து வைத்த இன்ஹேலரால் யாருக்கும் கல்யாணம் நடந்ததாக எனக்குத் தெரியாது. நடக்கக் கூடாதது நடக்கவிருந்ததை மட்டும் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதற்கு நானும் உடந்தை.

காபி வந்துவிட்டது என்று வாசலிலிருந்து ஜாடை வருகிறது. போகும்போது ஜன்னலைச் சாத்துங்கள், மடித்துணியை உள்ளே உலர்த்துங்கள், ஒரு நல்ல சிரிப்புப் படத்தைக் குடும்பத்தோடு பாருங்கள். மருந்து தேவைப்படுகிறவர் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் எடுத்துக்கொள்ளட்டும்.

இந்தக் கோடையில் எல்லோரும் தடையில்லாமல் மூச்சு விட்டு க்ஷேமமாக இருக்க பகவானைப் பிரார்த்தித்து அமர்கிறேன். நமஸ்காரம்.